ஏழடி அகலத்தில் ஒரு குடும்பம்



இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகையே வீடாகக் கொண்டு வாழும் குடும்பங்களைப் பற்றி அறிய விரும்புபவர், அப்படகின் அகலம் ஏன் ஏழடிக்கும் சற்றுக் குறைவாக அமைந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விருந்தினர் எங்கே உறங்குவர் என்பது முதல் எந்தக் கைவினை அங்கே செழிக்கும் என்பது வரை பலவும் அந்த அளவிலிருந்தே பிறக்கின்றன. 1766-இல் தொடங்கப்பட்ட டிரென்ட்-மெர்சி கால்வாயில், பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி 'லாக்' எனப்படும் நீர்ப்படிகளை, அதாவது இரு முனைகளிலும் கதவிட்டு, நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகளை, பெரும்பாலும் ஏழடி அகலத்திலேயே திட்டமிட்டார். பின்னாளில் சரக்குப் படகுகள் பலவற்றின் பின்புறத்தில், ஏறத்தாழ பத்தடி நீளமுள்ள ஒரே அறையில் படகோட்டியின் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. இன்று சரக்கு நின்று அந்த இடமும் வீடாகிவிட்டபோதிலும் அகலம் கூடவில்லை.

இவ்வீட்டுக்கு உறவினர் வருவதில் உள்ள முதல் சிக்கல் முகவரியாகும். நிலையான துறை இல்லாத படகு, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுவாக ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கலாகாது என்பதால், ஊரைச் சொல்லி அழைப்பதைவிட ரயில் நிலையத்தைச் சொல்லி அழைப்பதே அங்கு வசதியானது. வடக்கே லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் ஸ்கிப்டன், பிங்க்லி, சால்டேர் ஆகிய மூன்று ஊர்களிலும் நிலையம் கரைக்கு அருகிலேயே இருக்கிறது. ஸ்கிப்டன் வழியாகப் பிங்க்லியை அடையும் 17 மைல் நீளத்தில் ஒரு லாக் கூட இல்லாமையால், ஏறி இறங்க இயலாத தாத்தா பாட்டி முன்தளத்தில் அமர்ந்தபடியே பயணம் செய்யலாம். வழியில் குறுக்கிடும் திருப்புப் பாலங்களை, உயிர்காப்புச் சட்டை அணிந்த பேரப்பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன் முன்னே நடந்து சென்று தள்ளித் திறக்கலாம். இரவில் உணவு மேசையைத் தாழ்த்தி இருக்கைகளுக்கு இடையே பொருத்தினால் அது கட்டிலாகிவிடும். ஆனால் குடிநீர்த் தொட்டியும் கழிவறைப் பெட்டியும் கூடுதல் ஆட்களைத் தாங்குவது சில நாட்களுக்கே என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவன்று, அதுவே நல்ல விருந்தோம்பலின் தொடக்கம்.

படகின் வேகவரம்பு மணிக்கு 4 மைல்தான் என்பதால், முற்காலத்தில் குதிரைகள் படகை இழுத்து நடந்த கரைப்பாதையில் நடப்பவர் எளிதாக உடன்வந்து, விருந்துக்கு வேண்டியதைப் பறித்துக்கொண்டே வர முடிகிறது. வசந்தத்தில் காட்டுப் பூண்டின் இலையும், தொட்டால் காஞ்சொறியைப் போல் அரித்து, வெந்ததும் கீரையாகிவிடும் நெட்டில் கொழுந்தும், ஜூனில் பாகு காய்ச்சுவதற்கான எல்டர் பூவும், கோடை முடிவில் பிளாக்பெர்ரியும் கிடைக்கின்றன. விற்பனைக்கன்றித் தானே விளைந்த பூ, பழம், இலை, காளான் ஆகியவற்றைப் பறிப்பதை 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. வேரோடு பிடுங்குவதற்கோ நில உரிமையாளரின் இசைவு வேண்டும். எனினும் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது உண்ணத்தக்கதை அன்று, கொல்லக்கூடியதையே. ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட் என்னும் செடி கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. குடை போன்ற வெண்பூங்கொத்தும் பிளவுபட்ட பச்சிலையும் கொண்டு ஈரக்கரையில் தழைத்து நிற்கும் அதன் கிழங்குகள், வெளிறிய விரல்களைப் போல் கொத்தாக இருந்து, தின்றவரைச் சில மணி நேரத்திலேயே வலிப்புக்குள்ளாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலால் அக்குடும்பத்துச் செடிகளைத் தேர்ந்தவர் உடனில்லாதபோது முற்றிலும் விலக்குவதே அறிவுடைமை.

மழை பிடித்தால் அனைவரும் அடுப்பைச் சுற்றி உள்ளே அடைபட வேண்டியிருக்கும். அவ்வேளைக்குக் கம்பளிக் கைவேலையைப் போல் ஏற்றது வேறில்லை. அதற்கு மின்சாரம் வேண்டா, பெரிய இடம் வேண்டா, லாக் வந்துவிட்டால் பின்னலைப் பாதி வரிசையில் வைத்துவிட்டு எழலாம். பழைய படகுப் பெண்கள் குரோஷா ஊசியால் குதிரைகளுக்குக் காதுறை பின்னியதும் இத்தகைய இடைவேளைகளில்தான். நூற்க விரும்புபவருக்குத் தக்ளி போதும். ஆட்டின் மேனியிலிருந்து கத்தரித்த கம்பளியில் ஊறியிருக்கும் லானோலின் என்னும் பிசுக்கைப் போக்க வெந்நீர் மிகுதியாகச் செலவாகும் என்பதால், கழுவிச் சீவிய கம்பளியையே வாங்குவது படகுக்குப் பொருந்தும். படிகாரம் கரைத்த நீரில் முன்னரே காய்ச்சிய நூல் வெங்காயத் தோலில் பொன்மஞ்சளாகும். கரையில் உதிர்ந்த அக்ரூட் காயின் பச்சைத் தோலோ படிகாரமின்றியே பழுப்பைத் தரும். எல்டர் பழத்தின் ஊதா மட்டும் வெயில் பட்டால் வெளிறிவிடும். சாயம் போட்ட நூலை, அதன் சூட்டுக்கு ஒத்த சூடுள்ள நீரில், கசக்காமல் அலச வேண்டும். சூடும் சோப்பும் தேய்ப்பும் ஒன்றுசேர்ந்தால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னி, நூல் பிரிக்க முடியாத கட்டியாகிவிடும். அவ்வாறு வேண்டுமென்றே இறுக்குவதே ஃபெல்ட் என்னும் கலையாதலால், சிறு பிள்ளைகளுக்கு அதை முதற்பாடமாக்கலாம்.

அல்பாக்கா கம்பளியால் பெரும்பொருள் ஈட்டிய டைட்டஸ் சால்ட்டின் ஆலை 1853 முதல் சால்டேரில் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் கரையிலேயே நிற்பதை, விருந்தினரை ரயிலேற்றும் நாளில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சாயம் போடுபவர் இரண்டை மறக்கலாகாது: சாயப் பாத்திரத்தைச் சமையலுக்கு ஒருபோதும் எடுக்கலாகாது; படகின் கழுவுதொட்டியில் ஊற்றும் நீர் பெரும்பாலும் நேரே கால்வாயில்தான் விழும் என்பதால், எஞ்சிய சாயநீரையும் அங்கே கொட்டலாகாது.