மேருவும் குதிரையும்
(ஓர் இளம் கோட்டுவாத்தியக் கலைஞருக்கு)



தீர்த்தமலையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பாட்டனார் வாசித்து வைத்துவிட்டுப் போன கோட்டுவாத்தியத்தைப் பரணிலிருந்து இறக்கிப் புதுத் தந்தி பூட்டினாய் என்பதும், கருங்காலிக் கட்டையை வைத்து இழுக்கும்போது அது கீழேயுள்ள அனுநாதத் தந்திகளில் உரசி இரைகிறது என்பதும், ஆகையால் தந்திகளைத் தாங்கும் குதிரையை உயர்த்துவதா, அதன் தகட்டை அராவுவதா என்று நீ தத்தளிக்கிறாய் என்பதும் தெரிந்தன. அரத்தைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி.

வீணையில் தந்தியை மெட்டின்மேல் அழுத்தவேண்டியிருப்பதால், உயரம் மிகுந்தால் விரலும் நோகும், சுருதியும் ஏறிவிடும். நம் வாத்தியத்திலோ மெட்டே கிடையாது. கட்டை தந்தியின்மேல் தவழ்கிறதேயன்றித் தண்டியைத் தொடுவதில்லை. அது தந்தியில் பட்ட கணமே, தண்டியின் மறுமுனையில் தந்தியைத் தாங்கும் மேருவின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஒலிப்பதெல்லாம் கட்டைக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட பாகந்தான். ஆகவே நாதத்தை நிர்ணயிப்பது குதிரை. உயரத்தைக் கூட்டிக் குறைக்க நமக்குச் சுவாதீனமாக வாய்த்தது மேரு. குதிரைத் தகட்டிலிருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சரிவு, தந்தி அதைவிட்டு மெல்லப் பிரிந்து கார்வையோடு பேசவேண்டும் என்பதற்காக ஓர் ஆசாரி கேட்டுக் கேட்டுத் தேய்த்து வைத்தது. அதை அரை நாழிகையில் கெடுத்துவிடலாம். மீட்பதற்குத் தஞ்சாவூர் போகவேண்டும், போனாலும் பழைய நாதம் வருமென்று எவரும் உறுதி சொல்லமாட்டார்.

ஹவாய்த் தீவுக்காரர்களும் குதிரையைத் தொடாமல் மேருவை உயர்த்தும் இந்த வழியில்தான் போனார்கள். ஜோசப் கெக்கூக்கு என்பவர் பேரால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பரவிய வாசிப்புக்காக, சாதாரணக் கிட்டாரின் மேருவின்மேல் வெட்டுக்கள் உள்ள ஓர் உலோகத் துண்டைக் கவிழ்த்துத் தந்திகளைச் சுமார் 3/8 அங்குலம் எழுப்பிவிட்டார்கள். மடியில் வைத்து வாசிப்பதற்கென்றே ரிக்கன்பாக்கர் கம்பெனியார் 1932இல் மின்சாரக் கிட்டாரை விற்க ஆரம்பிப்பதற்கு முன்பே வழக்கத்திலிருந்த யுக்தி இது.

முதலில் உரசல் எங்கே என்று பார். மேருவை அடுத்த பாகத்தில் என்றால் என் சொல் முழுதும் பொருந்தும். தார ஸ்தாயியில், குதிரையண்டையில் மட்டும் என்றால் மேருவை உயர்த்திப் பெரும் பயனில்லை, குதிரையின் கால்களுக்கு அடியில் மெல்லிய பலாச்சீவல் வைக்க நேரும். எதைச் செய்தாலும் தந்திகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதே. குதிரை நிற்பதே அவற்றின் அழுத்தத்தினால்தான். அதன் கால்கள் இருக்குமிடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள். பிறகு பழைய தபால் கார்டைக் கத்தரித்து மேருவின் அடியில் ஒரு மடிப்பு செருகிச் சுருதி சேர்த்து வாசித்துப் பார், போதாவிட்டால் இன்னொன்று. உயரம் நிச்சயமானபின் கார்டை எடுத்துவிட்டு அதே கனத்தில் மரச்சீவல் வைக்கலாம்.

இனிமேல்தான் நுட்பமான காரியம். கட்டை நேரான உருளை. ஆகையால் அதன் அடியிலுள்ள தந்திகளின் மேல்முகங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தாகவேண்டும். தடித்த தந்திக்கு மேருவிலுள்ள வெட்டு சற்று ஆழமாயும், மெல்லியதற்கு ஆழம் குறைந்தும் இருப்பது இதற்காகவே. கட்டையைத் தந்திகளின்மேல் வைத்துக் கையின் பாரத்தைத் தராமல் ஒவ்வொன்றாக மீட்டு. எது மட்டும் கரகரத்து இரைகிறதோ அது தாழ்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் கட்டையை அழுத்திப் பிடித்து இரைச்சலை அடக்கப் பார்க்காதே. அழுத்தினால் தந்தி இழுபட்டு ஸ்வரம் ஏறும். கோட்டுவாத்தியக் கலைஞரான திருவிடைமருதூர் சகாராம ராவிடம் பாடகர் செம்மங்குடி சீனிவாசய்யர் வாய்ப்பாட்டுக் கற்றார் என்றால், குரலோடு ஒட்டி நழுவும் இந்த வாத்தியத்தின் சுபாவமும் அதற்கு ஒரு காரணமென்றே நினைக்கிறேன். அழுத்துகிற கைக்கு அந்தக் குழைவு வராது.

சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் உங்கள் அரூர்ப் பக்கத்தில் ஐப்பசி மழை பிடித்தால், மரம் ஈரத்தை வாங்கி உப்பும். இப்போது பார்த்துவைத்த அளவு அப்போது சிறிது மாறும். மழைக்காலம் கழிந்து மரம் தன் நிலைக்கு வந்தபின் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எனக்கு எழுது. அதுவரையில், யார் வந்து எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், தகட்டில் மாத்திரம் அரத்தை வைக்க விடாதே.