சிமெண்டும் கை அரிப்பும்

வீடு கட்ட சிமெண்ட் வேண்டும். பள்ளிக்கூடம் கட்டவும் சிமெண்ட் வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் நாள் முழுவதும் அதில் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலருடைய கை காய்ந்து வெடித்திருக்கும். சிலருக்குக் கை சிவந்து அரிக்கும். நீர்க் கொப்புளமும் வரும்.

இது ஏன் வருகிறது?

ஈரச் சிமெண்ட் சுண்ணாம்பு போலக் காரமானது. தோலில் வெகுநேரம் இருந்தால் புண்ணாக்கும். இது யாருக்கும் வரலாம்.

இன்னொரு கெடுதலும் உண்டு. அது ஒவ்வாமை. இதை அலர்ஜி என்றும் சொல்கிறோம். இது சிலருக்கு மட்டும் வருகிறது.

காவல் காக்கும் அணுக்கள்

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உள்ளன. இவை நம் உடம்பைக் காவல் காக்கின்றன. நோய்க் கிருமி நுழைந்தால் எதிர்த்துப் போராடுகின்றன. ஒரு முறை கண்ட எதிரியை நினைவில் வைத்துக்கொள்கின்றன. தடுப்பூசி பலன் தருவது இதனால்தான்.

சிமெண்டில் குரோமியம் என்ற உலோகம் மிகச் சிறிதளவு இருக்கிறது. ஈரம் பட்டதும் அது கரைகிறது. தோலுக்குள் இறங்குகிறது. சிலருடைய வெள்ளை அணுக்கள் அதை எதிரி என்று தவறாக எண்ணிவிடுகின்றன. பிறகு சிமெண்ட் பட்டால் ஓரிரு நாளில் தோல் சிவந்து அரிக்கிறது.

பல ஆண்டுகள் வேலை செய்தவருக்கும் இது புதிதாக வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். சிலர் இதனால் தொழிலையே விட நேர்கிறது. ஆகவே வருமுன் காப்பதே நல்லது.

இது தொற்றுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. அரிப்பு உள்ளவரை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

- ரப்பர் கையுறையும் ரப்பர் பூட்சும் அணியுங்கள். தோல் கையுறை வேண்டாம். தோல் பதனிடவும் குரோமியம் பயன்படுகிறது.
- கையுறைக்குள் கலவை புகுந்தால் உடனே கழற்றிக் கையைக் கழுவுங்கள்.
- மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். அவற்றின் அடியில் சிமெண்ட் தங்கும்.
- சாப்பாட்டுக்கு முன்பும் வேலை முடிந்தபின்பும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரண்டி கழுவிய தண்ணீர் வேண்டாம். அதிலும் சிமெண்ட் இருக்கும்.
- கழுவியபின் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெடிப்பு குறையும்.
- கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் முதுகில் சிறு மருந்துப் பட்டைகளை ஒட்டுவார். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும்.

சிமெண்டையே மாற்ற முடியும்

சிமெண்டில் இரும்பு சல்பேட் என்ற உப்பைச் சேர்த்தால் குரோமியம் எளிதில் கரையாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005 முதல் ஒரு விதி உள்ளது. கையில் படும் சிமெண்டில், கரையும் குரோமியம் பத்து லட்சம் பங்குக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே குறை தொழிலாளியின் கையில் இல்லை.

வேலை தருபவரிடம் கையுறையும் கழுவத் தண்ணீரும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமா? எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. வெள்ளை அணுக்களின் வேலை என்ன?
2. தோல் கையுறை ஏன் கூடாது?
3. உங்கள் ஊரில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா?