மிளகு என்ன விலைக்குப் போச்சுங்க?

கேள்வி: சென்னையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆறு மாதமாகக் கொல்லிமலையில் அரசுப் பள்ளி ஆசிரியை. செம்மேட்டில் வாடகை வீடு. டீக்கடை, பஸ், தண்ணீர் பிடிக்கும் இடம் என்று எங்கே போனாலும், பெயர் கேட்ட கையோடு "டீச்சர், மாசம் எவ்வளவு சம்பளம்?" என்கிறார்கள். என் அப்பா தன் சம்பளத்தை அம்மாவிடமே சரியாகச் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. "ஏதோ வருதுங்க" என்று மழுப்பினால், "சொன்னா நாங்க என்ன புடுங்கிக்கவா போறோம்?" என்று சிரிக்கிறார்கள். சொல்வதா, வேண்டாமா?

- வாசகி, செம்மேடு

பதில்: நீங்கள் பொத்திப் பொத்தி வைக்கும் தொகை ரகசியமே இல்லை, டீச்சர். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆவது பிரிவிலேயே, அரசு ஊழியர்களின் மாதச் சம்பளத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. டீக்கடைக்காரருக்கு அந்தப் பிரிவு தெரியாது, அவ்வளவுதான்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள்? வீட்டுக்குப் பக்கத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைப் பாருங்கள். எந்தக் கொடி காய்த்தது, எது ஏமாற்றியது என்று தெருவுக்கே தெரியும். தை, மாசியில் பறித்து வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பார்கள். பச்சையில் மூன்று கிலோ, காய்ந்தால் ஒரு கிலோ. நடந்து போகிறவரே குத்துமதிப்பாக எடை சொல்லிவிடுவார். விலை சோளக்காடு சந்தையில் தெரிந்ததுதான். பெருக்கிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? மரவள்ளியும் அப்படித்தான். லாரி ஏறி மலையிறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போனால், மாவுச்சத்தை அளந்து பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். "எத்தனை பாயிண்ட் வந்துச்சு?" என்று கேட்டால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. நூறு நாள் வேலைக் கூலி 2025 ஏப்ரலில் 336 ரூபாய் ஆனது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு வாங்கினார் என்பது பெயரோடு இணையத்திலேயே கிடக்கிறது.

இப்படி ஊர் வருமானம் முழுக்க வெயிலில் காய, உங்களுடையது மட்டும் ஓசையில்லாமல் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. கேட்காமல் என்ன செய்வார்கள்? மகளை டீச்சருக்குப் படிக்கவைத்தால் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போடும் தாயும் அவர்களில் இருக்கலாம்.

அதற்காகக் கேட்கிற எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். நம் ஊரில் ஏழையிடம் வருமானம் கேட்பதற்குப் பெயர் விசாரணை. பிள்ளையின் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்கப் போகிறவர் நின்றுகொண்டே தன் கணக்கை ஒப்பிக்க வேண்டும். உட்கார்ந்து கேட்கிறவரிடம் "உங்களுக்கு எவ்வளவுங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட முடியுமா? நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: திருப்பிக் கேட்க முடிந்தால் அந்தக் கேள்வியில் தப்பில்லை. நார்வேயில் யாருடைய வருமானத்தையும் யாரும் பார்க்கலாம். 2014 முதல், பார்த்தவர் பெயர் பார்க்கப்பட்டவருக்குத் தெரியும்படி செய்தார்கள்; எட்டிப் பார்க்கிறவர்கள் மளமளவென்று குறைந்துபோனார்கள்.

சம்பளத்தை மறைப்பது மரியாதை என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது அலுவலகம். ஒரே வேலைக்குப் பக்கத்து மேசைக்காரருக்கு ஐயாயிரம் கூடுதல் என்று தெரியாமல் இருப்பது முதலாளிக்குத்தான் வசதி. உங்கள் அப்பா விஷயம் வேறு. அதில் நான் தலையிடவில்லை.

அதனால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். பிடித்தம் போகக் கையில் வருவதைச் சொன்னால் போதும். சொன்ன கையோடு, "உங்க மிளகு என்ன விலைக்குப் போச்சுங்க?" என்று கேளுங்கள். வியாபாரி கொடுத்த முன்பணம், அதற்காகக் கழித்துக்கொண்டது, போன வருஷம் காய்ந்துபோன கொடி என்று கதை நீளும்; டீ இன்னொன்று சொல்லிவிடுங்கள். தொகையைக் கேட்டதும் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கைமாற்று கேட்டால், அதற்குத் தனியாகக் கேள்வி அனுப்புங்கள்.