பிள்ளையிடம் மறைக்காதீர்கள்



தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதியின் 12 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக, புந்தோங்கில் அத்தை வீட்டில் தங்க வைத்தார்கள். அவனிடம் "சும்மா காய்ச்சல்தான்" என்று சொல்லியிருந்தார்கள். பார்க்கப் போன என்னிடம் அவன் மெதுவாகக் கேட்டான்: "ஐயா, நான் செத்துப் போயிடுவேனா? அம்மாகிட்ட கேட்டா அழுவாங்க, அதான் கேக்கல."

பார்த்தீர்களா? தாய் மகனுக்காக மறைக்கிறார். மகன் தாய்க்காக மறைக்கிறான். இருவரும் தனித்தனியே பயந்து கிடக்கிறார்கள். தாயாரிடம் பேசினேன். பிறகு டாக்டரே பையனை உட்கார வைத்து விளக்கினார். அவன் கேட்ட முதல் கேள்வி: "முடி திரும்ப வருமா?"

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோயே அதிகம். அதில் அடிக்கடி காணும் வகைக்கு 2 முதல் 3 ஆண்டுகள் சிகிச்சை நடக்கும். அத்தனை காலம் மறைக்க முடியுமா? எல்லாருக்கும் குணமாகும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே நம்பிக்கையோடு பேசலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். தான் செய்த தப்புக்குத்தான் நோய் வந்தது என்று சிறு பிள்ளைகள் நினைப்பதுண்டு. "உன்மேல தப்பு இல்ல கண்ணு" என்று சொல்லுங்கள்.

2. "ஊசி வலிக்காது" என்று ஏமாற்றாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சிக்கிறேன்" என்பதே நல்லது.

3. வயது வந்த பிள்ளைகளுக்கு முடி கொட்டுவது பெரிய துக்கம். சிகிச்சை முடிந்தால் பொதுவாக முளைத்துவிடும். கூட்டாளிகளோடு போனிலாவது பேசட்டும்.

4. செய்வினை என்றோ, தாய் கர்ப்பத்தில் தின்றதால் வந்தது என்றோ பழி பேசாதீர்கள். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. இது தொற்றும் நோயும் அல்ல.

5. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். அவர்களும் பயப்படுகிறார்கள்.

பெற்றோரே, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல் மனம் சோர்ந்திருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்; வெட்கமில்லை. பணக் கஷ்டத்தை அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவச் சமூக சேவைப் பிரிவில் சொல்லலாம்.

அண்டை வீட்டாரே, பரிதாபப் பேச்சு வேண்டாம். ஒரு வேளைச் சோறு கொண்டு போங்கள். அந்தத் தாய் ஒரு மணி நேரம் கண்ணயரட்டும்.