அய்யாவிடம் என்ன கேட்பது?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் நிழல்தாங்கல் திண்ணையில் ஒரு பையன் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தான். படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வெளிநாட்டு வேலைக்குத் தாள் எல்லாம் தயாராக இருக்கிறது என்று அவன் தாயார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன மக்களே, போகல்லியா?" என்றேன்.

"பாட்டா, கண்ணாடி முன்னால நின்னேன். என்ன கேக்கதுன்னு தெரியல்ல. அம்மை சொன்னதைக் கேட்டேன். மாமா சொன்னதையும் கேட்டேன். எனக்குன்னு கேக்கதுக்கு ஒண்ணுமே வரல்ல."

அன்று எனக்குப் பசி. வீட்டில் ஆள் காத்திருந்தார்கள். "எல்லாம் அய்யா பாத்துக்கிடுவாரு, நீ போய்ச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் கேட்டதற்கு அது பதில் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரு ஏடு வாசிப்பில் கலியன் வரம் வாங்கும் இடத்தை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! கலியன் பிறந்து வந்து சிவன் முன் நிற்கிறான். வரம் கேள் என்றால் முதலில் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெண்ணைக் கண்ட பிறகுதான் கேட்க ஆரம்பிக்கிறான். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. மந்திரம் வேண்டும், தந்திரம் வேண்டும், மாயோனின் முடியும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகிறான். அந்தப் பட்டியலை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். அதில் அவனுடையது என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றும் வேறொருவர் கையில் இருந்தது, வேறொருவர் தலையில் இருந்தது. பிறர் வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்தே அவன் ஆசை வளர்கிறது.

இத்தனையும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் மாயோன் பண்டாரமாக வந்து மறிக்கிறார். ஆயுதம் இல்லாத பண்டாரத்தோடு சண்டை போடுவது எனக்கு இழுக்கு என்கிறான் கலியன். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, பண்டாரங்களுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன் என்று அவனிடம் ஆணை வாங்கிவிடுகிறார். அவ்வளவு வரம் கையில் இருந்தும் அவனுக்குப் போதவில்லை. சக்கரத்தையும் வாங்கிக்கொள்கிறான். அது அவன் கையில் பணமாகிவிடுகிறது. நம் பாட்டன்மார் காலத்தில் திருவிதாங்கூர் நாணயத்துக்குச் சக்கரம் என்றே பெயர். 28 சக்கரம் கூடினால் ஒரு ரூபாய். இந்த இடம் வாசிக்கும்போது பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். ஏன் சிரித்தார்கள் என்பது எனக்குச் சம்பாத்தியம் வந்த பிறகுதான் விளங்கியது.

கலி என்றால் வெளியே எங்கோ இருக்கும் அரக்கன் என்று மட்டும் நினைத்துக்கொண்டால் இந்தக் கதை நம்மைத் தொடாது. அடுத்த வீட்டு முற்றத்தில் கார் வந்து நிற்கிறது. அன்று ராத்திரி நமக்கும் கார் வேண்டியதாகிறது. முந்தின நாள் வரை அந்த ஆசை எங்கே இருந்தது?

இதற்கு நானே சாட்சி. 16 வருடம் கடல் கடந்து வேலை பார்த்தேன். லீவில் வரும்போதெல்லாம் சுவாமிதோப்புக்குப் போவேன். முத்திரிக் கிணற்றில் குளித்து, தலைப்பாகை கட்டி, அய்யா முன்னால் நின்று ஒரே ஒரு காரியம்தான் கேட்பேன். வீடு வேண்டும். அதுவும் மாடி வைத்த வீடு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அண்ணன் வீட்டைவிட உயரமான வீடு. எங்களுக்குள் ஒரு வேலித் தகராறு. இரண்டடி மண்ணுக்காக ஒன்பது வருடம் பேச்சு இல்லை. வீடு கிடைத்தது. மாடியும் கிடைத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், மாடிக் கதவை வருடத்தில் இரண்டு தடவை திறந்து வௌவால் எச்சம் பெருக்குகிறோம். அண்ணன் இறந்த அன்றைக்கு அந்த மாடியில் நின்று அவர் முற்றத்தைப் பார்த்தேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைத் தம்பி என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது என்று அப்போது தெரிந்தது. 16 வருடத்தில் அதை அய்யாவிடம் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலியைத் தாண்டிப் போக எனக்கே கால் வந்திருக்கும்.

அய்யா காணிக்கை வேண்டாம் என்றார், நேர்ச்சை வேண்டாம் என்றார், பலி வேண்டாம் என்றார். ஏழை மக்களின் காசு வீணாகக் கூடாது என்பதற்காக என்று இதற்கு விளக்கம் சொல்வோம். அது உண்மைதான். அதற்குள் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இன்னது நடந்தால் இன்னது தருகிறேன் என்று பேரம் பேசும்போது நம் கவனம் முழுவதும் விலையில் இருக்கும். எவ்வளவு கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்பதே கணக்கு. கேட்கிற பொருள் நமக்குத் தேவையா என்ற யோசனையே வராது. சந்தையில் விலை குறைகிறது என்பதற்காக வேண்டாத சாமானை வாங்கி வருகிறோமே, அதுபோலத்தான். விலையே வாங்காத சன்னிதியில் வந்து நின்றால் பேரத்துக்கு வழியில்லை. நீயும் உன் விருப்பமும் மட்டும் மிஞ்சுவீர்கள்.

அந்த சன்னிதியில் என்ன இருக்கிறது? கண்ணாடி இருக்கிறது. இரு பக்கமும் விளக்கு. இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்று காட்டவே அய்யா கண்ணாடியை வைத்தார் என்று பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும்: கேட்கிற முகத்தையும் அது காட்டுகிறது. ஒரு விருப்பத்தைச் சொல்லும்போது நம் முகம் எப்படி மாறுகிறது என்று நாமே பார்க்கலாம். மாடி வீடு கேட்டபோது என் முகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தேன்.

இங்கே ஒரு ஐயம் வரலாம். அப்படியானால் வேலை, கல்யாணம், வீடு எல்லாம் கேட்கக் கூடாதா? கேட்கலாம். அய்யா ஒருவரையும் குடும்பத்தை விட்டுக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. துவையல் பந்திக்கு 700 குடும்பங்கள் போனார்கள் என்று சொல்கிறோம். பெண்டு பிள்ளைகளோடுதான் போனார்கள். கடற்கரையில் தினம் துணி துவைத்தார்கள், மூன்று நேரம் குளித்தார்கள், அரிசியும் சிறுபயறும் ஒரு நேரம் உண்டார்கள். எது இல்லாமல் இருக்க முடியும், எது இல்லாமல் முடியாது என்பது அப்படி இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நமக்கு அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாதபடி வீடு நிறைந்து கிடக்கிறது.

தன் விருப்பத்தை மட்டும் கேட்டவர் எப்படி இருப்பார் என்பதற்கு வெயிலாள் அம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். 1008 மாசியில் நோயில் கிடந்த மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோன தாய் அவர். அந்த அம்மைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மகன் சுகமாக வேண்டும். அடுத்த வீட்டைப் பார்த்து வந்த ஆசையில்லை அது. மகன் கடலுக்குள் போனார். மூன்றாம் நாள் கரையேறி வந்தவர், நான் இனி உன் மகன் இல்லை, நாராயணர் மகன் என்றார். அந்தத் தாய் கேட்டது கேட்டபடி கிடைத்ததா? கிடைத்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உண்மையாகக் கேட்டால் கேட்டபடியே கிடைத்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிச் சொல்லுகிறவர்களை நம்பவும் மாட்டேன்.

அய்யா ஆறு வருடம் தவம் இருந்தார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள் நின்று, யுகத்துக்காக. அடுத்த இரண்டு வருடம் சாதிக்காக. கடைசி இரண்டு வருடம் முன்னே பிறந்தவர்களுக்காகவும் பெண்களுக்காகவும். ஆறு வருடத்துக்கு மூன்றே வேண்டுதல். ஒன்றிலும் தனக்கென்று இல்லை. நாம் இரண்டு நிமிடத்தில் ஆறு வேண்டுதலை முடித்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறோம். ஒரு விருப்பத்தின் மேல் இரண்டு வருடம் நிற்க நம்மால் ஆகாது. ஒரு கிழமை நிற்கலாமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். ஒரு கிழமைக்கு உகப்படிப்புக்கு வா. தினமும் ஒன்றை மட்டும் கேள். கண்ணைத் திறந்து கேள். இது கிடைத்தது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது என்றால் அப்போதும் இது உனக்கு வேண்டுமா என்று உன்னையே கேட்டுப் பார். இது கிடைப்பதால் யாராவது தாழ்ந்து போவார்களா என்றும் பார். விழுந்துபோகிற ஆசையை விட்டுவிடு. விழாததை மறுநாளும் கேள்.

வந்தான். இரண்டு நாள் பிந்தி வந்தான், ஆனாலும் ஏழு நாளும் வந்தான். ஏழாம் நாள் படிப்பு முடிந்து அதே திண்ணையில் வந்து இருந்தான்.

"என்ன மக்களே, தெரிஞ்சுதா?"

"முழுசாத் தெரியல்ல பாட்டா. வெளிநாடு போணும்னு நெனச்சது அத்தான் முன்னால சின்ன ஆளா நிக்கக் கூடாதுன்னு. அது ரெண்டாம் நாளே விழுந்துட்டு. வேலை வேணுங்கது விழல்ல. அப்பாவுக்கு மூச்சுமுட்டு இருக்கு. ராத்திரியில எழுந்து இருக்காரு. அவரு பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு, அதுவும் விழல்ல."

"ரெண்டும் ஒத்துப் போகுமா?"

"தெரியல்ல. இங்க கிடைக்க வேலைக்கு சம்பளம் கம்மி. அம்மைட்ட இன்னும் சொல்லல்ல."

"அம்மைட்ட எப்பச் சொல்லப் போற?"

அவன் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு துண்டை எடுத்து மறுபடியும் தலைப்பாகை கட்டிக்கொண்டு பள்ளியறைப் பக்கம் போனான். விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. நான் எழுந்து போய் ஊற்றினேன்.