இழுப்புக்கு எந்த நாட்டு வைத்தியம் நல்லது?

கவின்,

ஆஸ்துமாவுக்கு எந்த நாட்டு வைத்தியம் சிறந்தது என்று கேட்டிருக்கிறாய். பணக்கார நாடா, இலவச மருத்துவமா என்று மட்டும் பார்த்தால் விடை தப்பிப்போகும். பிரிட்டனில் 1948 முதல் டாக்டரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் சிகிச்சைக் குறிப்புகளை அலசி 2014-இல் வெளிவந்த அறிக்கை, ஏறக்குறைய பாதிச் சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்றது. மூச்சுத் திணறும்போது உடனே ஆசுவாசம் தரும் இன்ஹேலரைப் பயன்படுத்தியவர்களில், கணக்குத் தெரிந்தவர்களுள் ஐவருக்கு இருவர் வீதம், கடைசி ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரோ பலருக்குப் போதிய அளவு போகவில்லை. மருந்து தரக் கை இருந்தது. இத்தனை ஏன் தீர்கிறது என்று கேட்க வாய் இல்லை.

பின்லாந்து 1994-இல் ஆஸ்துமாவுக்கெனப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. புது மருந்து எதையும் அது நம்பியிருக்கவில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது, உடனே ஸ்டீராய்டு இன்ஹேலரை ஆரம்பிப்பது, அதைச் சரியாக இழுக்கக் கற்றுத்தருவது. இதற்காக ஊர் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் பயிற்சி. 1993-இல் ஆஸ்துமாக்காரர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் மொத்தம் 1,10,000, 2003-இல் 51,000. நோயாளிகள் கூடியும் ஒருவருக்கான ஆண்டுச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆக, நல்ல வைத்தியம் என்பது மூச்சு முட்டாத நாளிலும் நோயாளியை விசாரிக்கிற வைத்தியம்.

அது சின்ன நாடு, நமக்கு ஒத்துவராது என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மக்கள்தொகை சேர்ந்து 52 லட்சம். 1994-இல் பின்லாந்து முழுவதும் 51 லட்சம்தான். அவர்களுடைய வசதி நமக்கில்லை, உண்மை. ஆனால் கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும், அரசு மருந்து வாங்கி அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் நமக்கு உண்டு. பள்ளிபாளையம் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும், நாமக்கல் கோழிப்பண்ணைத் தூசியும், லாரிப் புகையும் இருக்கும்வரை மருந்தால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. தூசியைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் தறிக்காரர் நாளைக்கே தறியை விட முடியாது. வீங்கிய மூச்சுக்குழாய் கொஞ்சத் தூசிக்கே சுருங்கும். வீக்கம் தணிந்தால் அவ்வளவு சீக்கிரம் சுருங்காது. தூசி அதிகமுள்ள ஊருக்குத்தான் தினசரி மருந்து இன்னும் அவசியம்.

தினசரி மருந்துக்குப் பெரிய தடை, இன்ஹேலரைப் பற்றிய “பம்பு எடுத்தால் பழகிவிடும்” என்ற பயம்தான். ஸ்டீராய்டு இன்ஹேலரில் மருந்து மைக்ரோகிராம் கணக்கு. நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஸ்டீராய்டு மாத்திரையோ மில்லிகிராம் கணக்கு, உடம்பெல்லாம் சுற்றுகிறது. பம்புக்குப் பயந்து அடிக்கடி மாத்திரைக்கும் ஊசிக்கும் போகிறவர்தான் உண்மையில் அதிக ஸ்டீராய்டை வாங்கிக்கொள்கிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. அதே அக்கறையோடு ஒவ்வொரு இழுப்புக்காரரின் வீட்டுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் போக வேண்டும். அதை இழுக்கும் முறையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உன் வீட்டிலோ தெருவிலோ யாராவது உடனடி நிவாரண பம்பை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுத்தால், நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அடுத்த இழுப்பு வரும்வரை காத்திருக்காமல் அவரை டாக்டரிடம் கூட்டிப் போ.