பனிக்கட்டிக் கால ஏரிகள்: கரையோர அடையல்களிலிருந்து வரலாற்றை அறிதல்



மஸ்கெலியாப் பக்கம் வசிப்பவர்களுக்கு இக்காட்சி புதியதன்று. கடும் வரட்சியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கும்போது, 1960களின் இறுதியில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் கட்டட இடிபாடுகளும் வெளியே தெரியும். சனம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும். அடுத்த முறை நீங்கள் போனால் கோயிலோடு கரையையும் பாருங்கள். மண் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டுப் போன்ற கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் நீர்மட்டம் சிறிது காலம் தங்கிநின்ற இடமாகும். அங்கே அலை மண்ணை அரித்து, மணலையும் சிறு கற்களையும் ஒதுக்கியிருக்கிறது. நீர் போய்விட்டது, அது நின்ற உயரம் கரையில் பதிந்திருக்கிறது.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஏரிகளின் வரலாற்றையும் அறிஞர்கள் இவ்வாறே அறிகின்றனர். இதை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தில் பாதி முடிந்தது.

1. பனிக்கட்டிக் காலம் என்றால் என்ன?

புவியின் வெப்பநிலை குறைந்து, வட அமெரிக்கா, வட ஐரோப்பா முதலிய பகுதிகளைப் பெரும் பனிக்கட்டி விரிப்புகள் மூடியிருந்த காலமே இது. இறுதிப் பனிக்கட்டிக் காலத்தின் உச்சம் அண்ணளவாக 26,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன் நிலவியது. பெருமளவு நீர் பனிக்கட்டியாகத் தரையில் தங்கியதால் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரையாகி, இலங்கை தென்னிந்தியாவுடன் இணைந்திருந்தது.

“அப்படியென்றால் நுவரெலியாவிலும் பனிக்கட்டியாறு இருந்ததா?” என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பதுண்டு. இல்லை. வருடத் தொடக்கத்தில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி வேறு. பள்ளத்தாக்கை அரித்து நகரும் பனிக்கட்டியாறு வேறு. எமது மிக உயர்ந்த மலையான பீதுறுதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர் மட்டுமே. பனிக்கட்டிக் காலத்தின் தாக்கம் எமது மலைகளில் வேறு விதமாகத் தெரிந்தது. அதைப் பகுதி 5 இல் பார்ப்போம்.

2. அடையல்களை வாசிக்கும் முறை

ஓடும் நீர் வேகம் குறையும்போது முதலில் பாரமான கல்லையும், பின்னர் மணலையும், இறுதியில் நுண்ணிய களியையும் படியவிடும். ஆகவே:

• உருண்டை வடிவக் கூழாங்கல், பரல்: அலை மோதிய கரை.
• மணல்: கரையை அண்டிய ஆழங்குறைந்த நீர்.
• மெல்லிய களிப் படை: அமைதியான ஆழ்ந்த நீர்.
• உப்புப் படை: ஆவியாதலால் ஏரி வற்றிய காலம்.
• நன்னீர் நத்தை ஓடுகள்: நீர் உவர்ப்பின்றி இருந்த காலம்.

படைகள் குலையாதிருந்தால் அடியிலுள்ளது பழையது, மேலுள்ளது புதியது. மணலுக்கு மேல் களி இருந்தால் ஏரி ஆழமாகியது என்றும், களிக்கு மேல் மணல் இருந்தால் நீர் பின்வாங்கியது என்றும் கொள்ளலாம்.

படைகளின் ஒழுங்கு எது முந்தியது என்பதைச் சொல்லும்; எத்தனை ஆண்டுகள் என்பதைச் சொல்லாது. அதற்குக் காபன் 14 முறை உதவுகிறது. உயிரி இறந்தபின் அதிலுள்ள காபன் 14 இன் அளவு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. எனவே ஓடு, மரத்துண்டு, இலையுக்கல் ஆகியவற்றின் வயதைக் கணிக்கலாம். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இம்முறை பயன்படாது.

3. பொனவில் ஏரி: பெருகிய ஏரி

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இன்று பெரிய உப்பு ஏரி உள்ளது. அதைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில், ஏரியிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்திலும் பழைய கரைக்கோடுகள் காணப்படுகின்றன. அங்கே கடற்கரையில் இருப்பதுபோல் பரல் திட்டுகளும் கழிமுகப் படிவுகளும் உள்ளன. இவற்றை ஆராய்ந்த ஜி. கே. கில்பேற் 1890 இல் தமது பெரும் நூலை வெளியிட்டார். அங்கிருந்த பழைய ஏரியே பொனவில் ஏரி. அதன் பரப்பு அண்ணளவாக 50,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குளிரால் ஆவியாதல் குறைந்ததும், மழைதரும் புயல்களின் பாதை தெற்கே நகர்ந்ததும் ஏரி பெருகக் காரணங்களாகும். ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்த இயற்கை அணை உடைந்து பெருவெள்ளம் பாய்ந்தது. நீர்மட்டம் 100 மீற்றருக்கு மேல் இறங்கிப் புதிய மட்டத்தில் நின்றது. அங்கேயும் ஒரு கரைக்கோடு பதிந்தது.

கில்பேற் இன்னொன்றையும் கவனித்தார். ஒரே காலத்துக் கரைக்கோடு ஏரியின் ஓரத்தைவிட நடுப்பகுதியில் உயரமாக இருந்தது. நீரின் பாரத்தால் அமிழ்ந்த புவியோடு, பாரம் நீங்கியபின் மேலெழுந்ததே காரணம்.

4. டிட்வானா: வற்றிய ஏரி

இனி எமது பருவக்காற்று வலயத்துக்கு வருவோம். இந்தியாவின் இராஜஸ்தானிலுள்ள டிட்வானா உப்பேரியின் அடிப்படைகளைத் துளைத்து எடுத்து ஆராய்ந்தபோது, பனிக்கட்டிக் கால உச்சத்துக்குரிய பகுதியில் உப்புப் படிவுகள் கிடைத்தன. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னைய பகுதியிலோ நன்னீர் ஏரிக்குரிய சான்றுகள் இருந்தன. அதாவது பொனவில் பெருகிநின்ற காலத்தில் டிட்வானா உவர்த்துக் கிடந்தது. நிலமும் கடலும் குளிர்ந்ததால் தென்மேற்குப் பருவக்காற்று வலுவிழந்ததே இதற்குக் காரணம்.

5. ஹோட்டன் சமவெளி: எமது மலையின் சான்று

இங்கு பெரிய இயற்கை ஏரி இல்லை. ஆனால் 2,100 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியின் பள்ளங்களில் சதுப்பு நிலங்கள் உள்ளன. அங்கே உக்காத தாவரப் பகுதிகள் படைபடையாகச் சேர்ந்து முற்றா நிலக்கரி உருவாகியுள்ளது. ஏரியின் களிப் படைகள் செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது. இரத்னசிறி பிரேமதிலக்கவும் ஜான் ரிஸ்பேர்க்கும் அங்கு ஏறத்தாழ 6 மீற்றர் ஆழம்வரை எடுத்த படைகளில் அடங்கிய மகரந்த மணிகளை ஆராய்ந்து, 2003 இல் முடிவுகளை வெளியிட்டனர். அப்படைகள் 24,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைக் காட்டின.

அடிப் படைகளில் வரண்ட திறந்த வெளிக்குரிய தாவரங்களின் மகரந்தம் மிகுந்திருந்தது. ஏறத்தாழ 18,500 ஆண்டுகளுக்குப் பின்னரே ஈரலிப்பு கூடத் தொடங்கியது. பனிக்கட்டிக் காலம் எமது மலைக்குப் பனிக்கட்டியைக் கொண்டுவரவில்லை, மழையைக் குறைத்தது.

இது எமக்கு ஏன் முக்கியம்? மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இச்சமவெளியிலும் அதன் அயலிலும் ஊற்றெடுக்கின்றன. எமது தேயிலையும், மின்சாரமும், லயத்துக் குழாயில் வரும் தண்ணீரும் மழையை நம்பியவை. அம்மழை என்றும் ஒரேயளவில் பெய்ததில்லை என்பதற்கு எமது மண்ணே சான்று. அச்சதுப்பு எரிந்தாலோ காய்ந்தாலோ அச்சான்று திரும்பக் கிடைக்காது.

6. மாணவர் விடும் தவறுகள்

• “பனிக்கட்டிக் காலத்தில் எல்லா ஏரிகளும் பெருகின” என எழுதுதல். இடத்துக்கு இடம் விளைவு வேறுபடும்.
• கிறகரி வாவியை இயற்கை ஏரி என எழுதுதல். அது ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873 இல் அமைக்கப்பட்டது.
• சான்றையும் முடிவையும் கலந்து எழுதுதல். “உப்புப் படை உள்ளது” என்பது சான்று. “ஏரி வற்றியது” என்பது அதிலிருந்து பெறும் முடிவு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

7. மாதிரி வினா

ஓரிடத்தில் கீழிருந்து மேலாக (அ) கூழாங்கல், (ஆ) நத்தை ஓடுகளுடன் மென்களி, (இ) உப்பு ஆகிய படைகள் உள்ளன.

(i) இவ்வேரியின் வரலாற்றைக் கூறுக.
விடை: முதலில் அவ்விடம் கரையாக இருந்தது. பின்னர் நீர்மட்டம் உயர்ந்து ஆழ்ந்த நன்னீர் ஏரியாகியது. இறுதியில் ஆவியாதல் மிகுந்து வற்றியது.

(ii) காபன் 14 முறையால் வயதைக் கணிக்க மிகப் பொருத்தமான படை எது? காரணம் தருக.
விடை: (ஆ). உயிரியின் எச்சமான ஓடுகளில் காபன் உள்ளது.

(iii) மேலே காணப்படும் உப்புப் படையிலிருந்து “இங்கு மழை குறைந்தது” என உறுதியாகக் கூறலாமா?
விடை: தனியே இதைக்கொண்டு கூறமுடியாது. ஏரிக்கு வந்த ஆறு திசைமாறியும் இருக்கலாம். மகரந்தம் போன்ற வேறு சான்றுகளும் ஒத்துவந்தால் உறுதிப்படுத்தலாம்.

மூன்றாவது விடையை மனனம் செய்யாதீர்கள்; விளங்கிக்கொள்ளுங்கள். படைகளின் ஒழுங்கு மாறி வந்தாலும் அப்போது உங்களால் விடை எழுத முடியும்.